வேதியியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?



சில ஆண்டுகளுக்கு முன் எஸ்.பி.எம். முடிவுகள் வெளியான நாளில், என் மாணவி ஒருத்தி தன் தந்தையோடு என்னைப் பார்க்க வந்தாள். வேதியியலில் நல்ல மதிப்பெண். மேலே அதையே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. லாரி ஓட்டுநரான அவள் தந்தை என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், இதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

"ஆசிரியர் ஆகலாம்" என்றேன். அதற்கு மேல் எனக்கு உடனே ஒன்றும் சொல்ல வரவில்லை. அவள் வேறு துறைக்குப் போய்விட்டாள். பல ஆண்டுகளாக வேதியியல் கற்பித்தும் அந்தத் தந்தைக்கு என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லையே என்பது இன்றுவரை உறுத்துகிறது. இந்த வாரப் பாடம் அவருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

உங்கள் பியூரெட்டும் ஒரு லாரி எண்ணெயும்

படிவம் 4இல் நீங்கள் செய்யும் 'டைட்ரேஷன்' எனப்படும் தரம்பார்த்தல் சோதனையை நினைத்துப் பாருங்கள். கூம்புக் குடுவையில் அமிலம், பியூரெட்டில் காரம், இரண்டு மூன்று துளி பினாப்தலீன். இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் நிறுத்த வேண்டும். "தேர்வுக்குப் பிறகு இதை யார் சார் செய்யப் போகிறார்கள்?" என்று கேட்காத வகுப்பே இல்லை.

நம் நாட்டுச் செம்பனை எண்ணெய் ஆலைகளில் இதை நாள்தோறும் செய்கிறார்கள். செம்பனைப் பழம் நசுங்கினாலோ, அறுத்தபின் ஆலைக்கு வரத் தாமதமானாலோ, பழத்திலுள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கும். அதனால் தனிக் கொழுப்பு அமிலங்கள் உண்டாகும். அவை கூடக்கூட எண்ணெயின் தரம் குறையும். கச்சாச் செம்பனை எண்ணெயில் இவ்வமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வாணிகத்தில் வழக்கமான வரம்பு.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். 5.00 கிராம் எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து, ஒரு லிட்டரில் 0.1 மோல் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் தரம் பார்க்கிறோம். 7.8 மில்லிலிட்டர் செலவாகிறது என்று கொள்வோம்.

செலவான காரம்: 0.1 × 7.8 ÷ 1000 = 0.00078 மோல்.
அமிலமும் காரமும் ஒன்றுக்கு ஒன்று வினைபுரிவதால் அமிலமும் 0.00078 மோல்.
இந்த அமிலத்தைப் பால்மிட்டிக் அமிலமாகக் கணக்கிடுவது வழக்கம். அதன் மோலார் நிறை 256. ஆகவே நிறை: 0.00078 × 256 = 0.20 கிராம்.
விழுக்காடு: 0.20 ÷ 5.00 × 100 = 4.0.

எண்ணெய் தேறிவிட்டது.

இப்போது இன்னொரு மாதிரியில் உண்மையான அளவு 4.7 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கவனக்குறைவால் 1 மில்லிலிட்டர் காரம் கூடுதலாக விழுந்துவிட்டது. விடையில் ஏறத்தாழ 0.5 கூடி 5.2 ஆகிவிடும். நல்ல எண்ணெய் வரம்பை மீறிய எண்ணெயாகப் பதிவாகும். பள்ளியில் இந்தத் தவற்றுக்கு ஒரு மதிப்பெண் போகும். ஆலையில் ஒரு லாரி சரக்கின் விலையே மாறும். வேதியியலாளரின் வேலை எத்தகையது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும். அவர் சொல்லும் எண்ணை நம்பித்தான் மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பீர்கள்?

நான்கு பெரிய பிரிவுகள் உள்ளன. கரிமச் சேர்மங்களைப் பற்றியது கரிம வேதியியல். உலோகங்கள், உப்புகள் முதலியவற்றைப் பற்றியது கனிம வேதியியல். வினையின் வேகம், வெப்பம், ஆற்றல் ஆகியவற்றைக் கணிதத்தோடு ஆராய்வது இயற்பிய வேதியியல். ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிவது பகுப்பாய்வு வேதியியல். வேலைச் சந்தையில் உடனே கைகொடுப்பது பெரும்பாலும் இந்த நான்காவது பிரிவுதான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கணிதத்துக்குப் பயந்து வேதியியல் பக்கம் ஓடி வருபவர்கள் அங்கும் கணிதத்தைத்தான் சந்திப்பார்கள். அதோடு ஆய்வுக்கூடத்தில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். செய்த சோதனை பிழைத்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் மற்றதைக் கற்றுக்கொள்ளலாம்.

எந்த வழியில் போகலாம்?

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகங்களின் அடிப்படைக் கல்வி, டிப்ளோமா எனப் பல வழிகள் உள்ளன. ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு, மூன்று பருவங்கள். மெட்ரிகுலேஷன் பெரும்பாலோருக்கு ஓராண்டு. டிப்ளோமா முடித்தவர்கள் ஆய்வுக்கூட உதவியாளராக முன்னதாகவே சம்பாதிக்கத் தொடங்கலாம். பின்னர் பட்டப்படிப்பும் தொடரலாம்.

மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம், பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகம், ஜொகூரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் வேதியியல் பட்டப்படிப்பு உண்டு. தனியார் துறையில் கம்பாரிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம்.

மூன்றும் ஒன்றல்ல

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. புதிய மூலக்கூற்றை உருவாக்குவதும் பொருளைப் பகுத்துச் சொல்வதும் வேதியியலாளர் வேலை. ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவையில் நடந்த வினையைத் தொழிற்சாலையில் டன் கணக்கில் பாதுகாப்பாக நடத்துவது வேதிப்பொறியாளர் வேலை. நோயாளிக்கு உரிய மருந்து, உரிய அளவில் சேர்வதைக் கவனிப்பது மருந்தாளர் வேலை. வேதியியல் பட்டத்தைக் கொண்டு மருந்தாளராகப் பதிவு செய்ய முடியாது. அதற்கு மருந்தியல் பட்டமே வேண்டும். விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பே இது தெரிந்திருந்தால் பின்னர் வருந்த வேண்டியதில்லை.

வேதியியலாளராகத் தொழில் புரியவும் பதிவு உண்டு. 1975ஆம் ஆண்டின் வேதியியலாளர் சட்டத்தின்கீழ் மலேசிய வேதியியல் கழகம் இதைக் கவனிக்கிறது. ஆகவே ஒரு படிப்பில் சேருமுன், "இந்தப் பட்டத்தைக் கழகம் ஏற்கிறதா?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

வேலை எங்கே இருக்கிறது?

*ரப்பர்த் துறையில்:* உங்கள் பாட்டியோ தாத்தாவோ தோட்டத்தில் பால்மரம் சீவியிருந்தால் கேட்டுப் பாருங்கள், பால் உறைவதற்கு என்ன ஊற்றுவார்கள் என்று. ஃபார்மிக் அமிலம். ரப்பர்த் துகள்களைச் சுற்றியுள்ள புரதப் படலம் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதக்கின்றன. அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ததும் துகள்கள் மோதி, படலம் கிழிந்து, ரப்பர் உறைகிறது. உறையாமல் காக்க வேண்டுமானால் அம்மோனியா சேர்ப்பார்கள். நம் முன்னோர் கையால் செய்த இந்த வேலைதான் இன்று உங்கள் படிவம் 5 பாடம். உலகுக்கே கையுறை செய்து அனுப்பும் நம் நாட்டுத் தொழிற்சாலைகளின் ஆய்வுக்கூடங்களில் அதே அறிவு சம்பளமும் வாங்கித் தருகிறது.

*அரசுத் துறையில்:* மலேசிய வேதியியல் துறை, காவல்துறை அனுப்பும் போதைப்பொருள் முதல் கடையில் எடுத்த உணவு மாதிரி வரை பலவற்றைச் சோதிக்கிறது. அதன் அறிக்கை நீதிமன்றத்தில் சான்றாகிறது.

*சுற்றுச்சூழல் துறையில்:* 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ வேதிக் கழிவைக் கொட்டினார்கள். மாணவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. அத்தகைய நேரத்தில் காற்றில் கலந்திருப்பது எந்த வாயு என்று தெரியாமல் சரியான நடவடிக்கை எடுக்க முடியாது. அதைக் கண்டறிந்து சொல்பவர்கள் வேதியியல் படித்தவர்கள்.

இவை தவிர எண்ணெய்ச் சுத்திகரிப்பு, சாயம், சவர்க்காரம், அழகுப்பொருள், குடிநீர், பினாங்கு, கூலிம் வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலைகள் என்று பட்டியல் நீளும். எல்லா வேலையும் தொடக்கத்திலேயே பெரிய சம்பளம் தருவதில்லை. சிலவற்றில் இரவு ஷிப்டும் உண்டு. ஆராய்ச்சிப் பணிக்கு முதுகலையும் முனைவர் பட்டமும் தேவைப்படும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை

1. மோல் கணக்கை மனப்பாடம் செய்யாமல் புரிந்து செய்யுங்கள். மேலே உள்ள செம்பனைக் கணக்கை 9.2 மில்லிலிட்டர் என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். எண்ணெய் தேறுமா? (விடை: ஏறத்தாழ 4.7 விழுக்காடு. தேறும்.)
2. செய்முறை வகுப்பில் நண்பன் செய்ய, நீங்கள் குறிப்பெடுப்பதோடு நிற்காதீர்கள். பியூரெட்டை உங்கள் கையால் பிடியுங்கள்.
3. வீட்டிலுள்ள ஒரு சவர்க்காரப் பொட்டலத்தை எடுத்து, அதில் அச்சிட்டுள்ள பொருள்களில் இரண்டைப் பற்றித் தேடிப் படியுங்கள்.
4. இந்தப் பக்கத்தை உங்கள் பெற்றோரிடம் காட்டுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். "என்ன வேலை கிடைக்கும்?" என்று அவர்கள் கேட்பது உங்களைத் தடுப்பதற்காக இல்லை, உங்கள் வாழ்க்கையை நினைத்துத்தான். அந்தக் கேள்விக்கு நான் அன்று ஒற்றை வரியில் பதில் சொன்னேன். நீங்கள் அவர்களோடு உட்கார்ந்து முழுதாகச் சொல்லுங்கள்.