மெத்தை இருக்கைகளைத் துப்புரவு செய்யும் தொழில்: கருவிகளும் முறைகளும்

மதுரை மாநகரின் கிழக்கு வாயிலாக விளங்குவது மாட்டுத்தாவணி. தாவணி என்பது கால்நடைச் சந்தையைக் குறிக்கும் சொல். ஒரு காலத்தில் உழவு மாடுகளும் வண்டி மாடுகளும் கைமாறிய அவ்விடத்தில், 1999ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் திறக்கப்பெற்றது. அதனை அடுத்து ஆம்னி பேருந்து நிலையமும், மலர்ச் சந்தையும், தங்கும் விடுதிகளும், மருத்துவமனைகளும், திருமண மண்டபங்களும் வளர்ந்தோங்கியுள்ளன. 2004ஆம் ஆண்டில் மேலூர்ச் சாலையில் உயர்நீதிமன்றக் கிளையும் அமைந்தது. இவை அனைத்திலும் மெத்தை தைத்த நாற்காலிகளும், சோபாக்களும், துணி போர்த்த இருக்கைகளும் ஏராளம். இவற்றைத் துப்புரவாக வைத்திருக்க ஆட்கள் வேண்டும். நகரை ஒட்டிய சிற்றூர்களில் அறுவடைக்குப்பின் வேலையின்றி இருக்கும் இளைஞர்களுக்கும், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் இஃது ஏற்ற துணைத் தொழிலாகும்.

ஆயினும், தொழிலின் தன்மையை அறியாமல் கடன் பெற்று, விலையுயர்ந்த எந்திரத்தை வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவது உண்டு. எந்திரம் வாங்குவது எளிது. எந்தத் துணிக்கு எந்த முறை பொருந்தும் என்பதை அறிவதே அரிது. அதனை வரிசையாக ஈண்டுக் காண்போம்.

1. முதலில் துணியை அறிதல்

கம்பெனிகளில் செய்யப்படும் சோபாக்களில், இருக்கையின் அடியில் ஒரு சீட்டு தைக்கப்பட்டிருப்பதுண்டு. அதில் 'டபிள்யூ' என்றிருந்தால் நீர் கலந்த மருந்தால் துப்புரவு செய்யலாம். 'எஸ்' என்றிருந்தால் நீர் படலாகாது. உலர் சலவைத் திரவமே ஏற்றது. இரண்டு எழுத்துக்களும் சேர்ந்திருந்தால் இருமுறைகளும் பொருந்தும். 'எக்ஸ்' என்றிருந்தால் தூசியை உறிஞ்சுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்த் தச்சரும் தையற்காரரும் செய்து தரும் இருக்கைகளில் இத்தகைய சீட்டு இராது. அவற்றிற்கு வேறு வழி உண்டு. இருக்கையின் அடிப்புறத்தில் ஒரு நூலைப் பிரித்தெடுத்து, திறந்த வெளியில் இடுக்கியால் பிடித்து எரித்துப் பார்க்கலாம். பருத்தி நூல் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். பாலியெஸ்டர் உழைப்பைத் தாங்கும். பருத்தியும் சணலும் நனைந்தால் சுருங்கக்கூடும். ரேயான் நனைந்த நிலையில் வலுவிழக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா போன்ற காரப் பொருள்கள் ஆகா.

அடுத்து, சாயம் நிற்குமா என்று சோதித்தல் வேண்டும். கண்ணுக்கு மறைவான இடத்தில் மருந்து நீரைச் சிறிது தடவி, வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்க்கவேண்டும். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் அந்த வேலையை நீர்முறையில் ஏற்கலாகாது. இச்சோதனையை இருக்கைக்கு உரியவர் முன்னிலையிலேயே செய்வது பின்னர் எழும் வழக்குகளைத் தவிர்க்கும்.

2. நீருக்கு முன் தூசி

இருக்கைத் துணியில் சேரும் அழுக்கில் பெரும்பகுதி உலர்ந்த தூசியும் மணலுமே. அதன்மீது நீரைத் தெளித்தால் தூசி சேறாகி நூலிழைகளுக்குள் இறங்கிவிடும். ஆதலின் எம்முறையைக் கைக்கொண்டாலும், தூசி உறிஞ்சும் எந்திரத்தால் முதலில் நன்றாக உறிஞ்சி எடுத்தல் இன்றியமையாதது.

இவ்வெந்திரத்தின் தோற்றமே இருக்கைத் துப்புரவோடு தொடர்புடையது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், உணவு விடுதி ஒன்றின் மெத்தை இருக்கையில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்து, தூசியை ஊதித் தள்ளுவதினும் உறிஞ்சி எடுப்பதே சிறந்தது எனத் தெளிந்தார். 1901இல் அவர் அமைத்த எந்திரம் குதிரை வண்டியில் ஏற்றிச் செல்லவேண்டிய அளவுக்குப் பெரிதாயிருந்தது. இன்று ஒருவர் கையில் தூக்கிச் செல்லும் அளவில் அது கிடைக்கிறது.

வாங்குவோர், தூசியையும் நீரையும் ஒருங்கே உறிஞ்சும் வகையைத் தேர்ந்தெடுப்பது நலம். வாட் எண் மின்சாரச் செலவைக் காட்டுமேயன்றி உறிஞ்சும் ஆற்றலைக் காட்டாது. காற்றோட்டத்தின் அளவையும் உறிஞ்சும் அழுத்தத்தையும் கேட்டறிய வேண்டும். இடுக்குகளில் செல்லும் ஒடுங்கிய மூக்கும், துணிக்கான மென்தூரிகையும் உடன் வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். வடிகட்டி நுண்தூசியைத் தடுக்காவிடில், உறிஞ்சிய தூசி மீண்டும் அறைக்குள்ளேயே பரவி, வேலை செய்பவரின் நுரையீரலைக் கெடுக்கும்.

3. நான்கு முறைகள்

நுரை முறை: மருந்தை நுரையாக அடித்து, அந்த நுரையை மட்டும் துணியில் பரப்பி, மென்தூரிகையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுப்பது. கருவிச் செலவு மிகக் குறைவு. நீர் ஆழமாக இறங்காது. தொடக்கத்தில் இதனையே பழகவேண்டும்.

தெளித்து உறிஞ்சும் முறை: எந்திரம் மருந்து நீரைத் துணிக்குள் பீச்சி, உடனே அழுக்கோடு உறிஞ்சிக்கொள்ளும். ஆழ்ந்த அழுக்கு நீங்கும். ஆனால் உறிஞ்சும் ஆற்றல் குறைந்த எந்திரம், பீச்சிய நீரை உள்ளே விட்டுவிடும். ஒருமுறை பீச்சினால் இருமுறை நீரின்றி உறிஞ்சுவது விதியாக இருக்கட்டும்.

நீராவி முறை: அழுக்கைக் காட்டிலும் மூட்டைப்பூச்சியை ஒழிக்க இது சிறந்தது. ஏறத்தாழ 55 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பம் நேரே பட்டால் பூச்சியும் அதன் முட்டையும் அழியும். குழாய்முனையைத் தையல் ஓரங்களில் மிக மெதுவாக நகர்த்தவேண்டும். தோல், வெல்வெட், ரெக்ஸின் ஆகியவற்றில் நீராவி கூடாது.

உலர் சலவை முறை: எளிதில் ஆவியாகும் திரவங்களைப் பயன்படுத்துவது. நெஞ்சை அடைக்கும் ஆவியும் தீ விபத்தும் நேரக்கூடுமாதலால், பயிற்சி பெறாதார் இதில் இறங்கலாகாது. பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் கறை போக்கப் பயன்படுத்துவது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

முறையைத் தேர்வதற்கு இடமும் நேரமும் அளவுகோலாகும். மாலையில் புறப்பட வேண்டிய பேருந்தின் துணி இருக்கைகளை நண்பகலில் நனைத்தால், இரவெல்லாம் பயணிகள் ஈரத்தில் அமரவேண்டிவரும். அதற்குத் தூசி உறிஞ்சுதலும் நுரை முறையுமே பொருந்தும். இரண்டு நாள் ஓய்விலிருக்கும் மண்டபத்துச் சோபாவிற்குத் தெளித்து உறிஞ்சும் முறை ஏற்றது. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வரும் இலவம்பஞ்சால் நிரப்பிய மெத்தையை நனைக்கவே கூடாது. பஞ்சு கட்டிதட்டிவிடும். தட்டி, வெயிலில் உலர்த்தி, தேவையாயின் பஞ்சைப் பிரித்தடித்து மீண்டும் நிரப்பும் பழைய வழக்கமே அதற்கு உகந்தது.

4. நீரும் கறையும்

மதுரைச் சமவெளியில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் கடினநீராகும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவாகித் துணியில் தங்கும்; அப்படிவு மீண்டும் அழுக்கை ஈர்க்கும். ஆகவே சோப்பை விலக்கி, காரம் குறைந்த திரவ டிடர்ஜெண்டை அளவாகக் கலந்து, இறுதியில் மழைநீராலோ மென்னீராலோ அலசி உறிஞ்சவேண்டும். மருந்து கூடினால் துப்புரவு கூடும் என்பது தவறான எண்ணம்.

கறைகளுள் மஞ்சள் கறை நம் நாட்டிற்கே உரியது. சோப்போ சோடாவோ பட்டால் அது செந்நிறமாக மாறும். எனவே காரம் இல்லாத டிடர்ஜெண்டால் ஒற்றியெடுத்து, வெளிச்சத்தில் வைத்தால் எஞ்சிய நிறம் நாளடைவில் மங்கும். காப்பி, தேநீர்க் கறைகளுக்கு ஒரு பங்கு வினிகரில் நான்கு பங்கு நீர் கலந்து ஒற்றலாம். இரத்தம், பால், முட்டை ஆகியவற்றிற்குக் குளிர்ந்த நீரே ஏற்றது. வெந்நீர் அவற்றை இறுக்கிவிடும். எண்ணெய்க் கறைமீது மைதா மாவைத் தூவி, எண்ணெயை ஊறவிட்டு, மாவை உறிஞ்சிய பின்னரே மருந்திடவேண்டும். எக்கறையையும் ஓரத்திலிருந்து நடுநோக்கி ஒற்றவேண்டும், தேய்த்தால் பரவும். வெற்றிலைக் கறை முற்றிலும் நீங்கும் என்று யாருக்கும் வாக்களிக்கலாகாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இன்னொன்றையும் மனத்திற் கொள்ளவேண்டும். குடிநீர்த் தொட்டிக்கென வாங்கும் பிளீச்சிங் பவுடரைக் கறை போக்க எடுத்து, அதனோடு கழிப்பறை ஆசிட்டைக் கலந்தால் குளோரின் நச்சுக்காற்று எழும். மூடிய அறையில் அது ஆளையே மாய்க்கவல்லது. அவ்விரண்டையும் ஒருங்கே வைப்பதும் தகாது.

5. உலர்த்தலும் பாதுகாப்பும்

துப்புரவின் வெற்றி உலர்த்தலில் உள்ளது. மேற்றுணி உலர்ந்திருந்தாலும் உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு ஈரமாயிருக்கலாம். 24 மணி நேரத்திற்குள் முழுதும் உலர்த்திவிட வேண்டும். 48 மணி நேரத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடித்து நாற்றம் எடுக்கும். சித்திரை வெயிலில் இதற்குத் தடையில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நீரைக் குறைத்து, சன்னல்களைத் திறந்து, மின்விசிறியை இருக்கைக்கு நேராக வைக்கவேண்டும். சாயத் துணியை நேர் வெயிலில் இடலாகாது.

ஈரமும் மின்சாரமும் சேரும் தொழில் இது. தரையிணைப்புள்ள மூன்று முனைச் செருகியும், மின்கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் கருவியும் இல்லாத இடத்தில் எந்திரத்தை இயக்கலாகாது. கழிவுநீரை ஊருணியிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் கழிவுநீர்க் குழாயில் விடவேண்டும்.

6. வரவு செலவு

உதாரணத்திற்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். தெளித்து உறிஞ்சும் எந்திரம் ரூ.36,000 என்றும், அது 3 ஆண்டு உழைக்கும் என்றும் கொண்டால், மாதத் தேய்மானம் ரூ.1,000. வட்டி, பழுதுபார்ப்பு, வாடகை, தொலைபேசி ஆகியவற்றிற்கு ரூ.2,000 சேர்த்தால், வேலை இருப்பினும் இல்லாவிடினும் மாதச் செலவு ரூ.3,000. ஒரு சோபாவிற்குக் கூலி ரூ.1,000 பெற்று, இருவர் ஊதியம், மருந்து, மின்சாரம், போக்குவரத்து ஆகியவற்றிற்கு ரூ.850 போனால் எஞ்சுவது ரூ.150. ஆகவே மாதம் 20 வேலை கிடைத்தால்தான் நட்டமில்லை. 12 வேலையே கிடைத்தால் ரூ.1,200 கைப்பொருளை இழக்க நேரிடும்.

இதற்கு மாறாக, ரூ.9,000 விலையுள்ள உறிஞ்சும் எந்திரத்தோடும் தூரிகைகளோடும் நுரை முறையில் தொடங்கினால், மாத நிலைச்செலவு ரூ.900 அளவில் அடங்கும். கையுழைப்பு மிகுவதால் ஒரு வேலைக்கு ரூ.100தான் எஞ்சும் என்றாலும், 9 வேலையில் செலவு நேராகிவிடும். மாதம் 42 வேலைக்கு மேல் நிலையாகக் கிடைக்கும் நாளில் பெரிய எந்திரம் வாங்குவதே அறிவுடைமை. விலைகள் ஊருக்கு ஊர் வேறுபடுமாதலால், ஒவ்வொரு குழுவும் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கவேண்டும்.

2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் ரூ.50,000 வரை பிணையின்றிக் கடன் பெறலாம். ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் தொழில் நிர்வாகமும் கணக்கு வைக்கும் முறையும் கற்பிக்கப்படுகின்றன. கடன் மனுவைக் கொடுக்குமுன், குழுவினர் குறைந்தது 3 மாதம் கைக்கருவிகளால் வேலை செய்து, எத்தனை வேலை வந்தது, எத்தனை திரும்பி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவரட்டும்.

பஞ்சாயத்துகளும் இதற்கு உதவலாம். அலுவலக நாற்காலிகளையும் சமுதாயக் கூடத்து இருக்கைகளையும் ஆண்டுக்கு இருமுறை துப்புரவு செய்யும் பணியை, விதிகளுக்கு உட்பட்டு, உள்ளூர்க் குழுவிற்கே வழங்கலாம். அவ்வேலையில் கை பழகியவர்கள் மாட்டுத்தாவணி விடுதிகளுக்குத் துணிவோடு செல்வர். இவ்விதழைப் படிக்கும் அங்கத்தினர்கள், வரும் கிராம சபைக் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்து, விருப்பமுள்ள குழுக்களின் பெயரை வட்டார வளர்ச்சி அலுவலகத்திற்கு எழுதியனுப்புவார்களாக.