வெட்டியதைத் திரும்ப ஒட்டு

அன்புத் தங்கைக்கு,

செண்பகத்தோப்பில் நீ எடுத்த ஒலிப்பதிவு கிடைத்தது. சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை அருமையாக வந்திருக்கிறது. ஆனால் இரண்டு இடங்களில் ஓடைச் சத்தம் சட்டென்று துள்ளுகிறது. தூரத்து வேட்டுச் சத்தத்தை வெட்டியிருக்கிறாய், இல்லையா? போதாததற்கு, பணம் சேர்த்து போர்னியோ போகப் போவதாகவும், அங்கேதான் சுத்தமான காட்டு ஒலி கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறாய். தாராளமாகப் போ. அதற்குமுன் வெட்டியதைத் திரும்ப ஒட்டிவிடு. மூலக் கோப்பை அழித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

சிவகாசிப் பிள்ளைக்கு வேட்டுச் சத்தத்தின் மேல் கூச்சம் வருவது புரிகிறது. ஆனால் அணிலுக்கும் குருவிக்கும் அது கேட்டது. பதிவிலும் கேட்கத்தான் வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். 1988-ல் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், லிங்கன் மெடோ என்ற இடத்தில் பெர்னி க்ராஸ் என்ற ஒலிப்பதிவாளர் ஒரு விடியலைப் பதிவு செய்தார். பிறகு அங்கே சில மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டினார்கள். காட்டுக்கு ஒரு கெடுதலும் வராது என்று சொல்லித்தான் வெட்டினார்கள். மறு வருடம் அதே பருவத்தில் போனார். போட்டோவில் இடம் முன்பு மாதிரியேதான் இருந்தது. ஒலிநாடாவில் ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தியின் தட்டலும்தான் மிச்சம். கூட்டமாகப் பாடிய மற்ற பறவைகளைக் காணோம். முதல் பதிவை அவர் அழகுபடுத்தி வைத்திருந்தால் இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? அதே 1988-ல்தான் செண்பகத்தோப்பு இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை, நரையணிலுக்கான சரணாலயம் ஆனது; 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். 1988-ன் செண்பகத்தோப்பு விடியல் ஒன்றை நான் எங்கும் கேட்டதில்லை. உன் பதிவையாவது முப்பது வருடம் கழித்து ஒருவர் நம்பிக் கேட்கட்டும்.

இனி கைவேலை. பூங்குருவி ஓடையோரமே பாடும், அதனால்தான் சிரமம். ஓடைக்கும் உனக்கும் நடுவே ஒரு பெரிய பாறை வரும்படி நின்றுகொள், இரைச்சல் நன்றாகக் குறையும். கெயினைக் கூட்டுவதைவிட நாலு எட்டு முன்னால் போவது மேல். தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும், மைக்கின் சொந்த இரைச்சல் கூடாது. நரையணிலிடம் இந்த வித்தை வேண்டாம். புளியமரத்தில் ரெக்கார்டரைக் கட்டிவிட்டு விலகிப் போய்விடு. முதலில் உன்னைப் பார்த்துக் கடகடவென்று திட்டித் தீர்க்கும். பலரும் அதோடு மூட்டை கட்டிவிட்டு, அணிலின் குரல் கிடைத்தது என்கிறார்கள். கிடைத்தது பயம். அது அடங்கி, காய் கொறிக்கும் சத்தமும், கடித்துப் போட்ட ஓடு சருகில் விழும் சத்தமும் வரும்வரை ஓடட்டும். பறவையை வரவழைக்க அதன் குரலையே போனில் போட்டுக் காட்டுவதும் கூடாது. எல்லையைக் காக்க அலறி வரும் பறவையிடம் பாட்டை எதிர்பார்க்கலாமா?

ஆடியில் மலையடிவாரத்துக் காற்றுக்கு எந்த மைக் உறையும் தாங்காது. மழை ஓய்ந்த மார்கழி நல்ல காலம். ஆனால் விடியலில் கோயில் ஒலிபெருக்கி முந்திக்கொள்ளும். அதையும் வெட்டாதே. நம் பக்கத்து ஊர் ஆண்டாளே, பொழுது விடிந்ததற்குப் பறவைப் பேச்சோடு சங்கொலியையும் தயிர் கடையும் ஓசையையும் சேர்த்துத்தான் சாட்சி சொல்கிறாள்.

வனத்துறை அனுமதி இல்லாமல் ஓடை தாண்டி உள்ளே போகாதே. ஹெட்போன் மாட்டியவளுக்கு முதுகுப்பக்கம் யானை வருவது தெரியாது. மலையில் வாழும் பளியர் பழங்குடியினர் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடு, கூலியைப் பேசிக் கொடு, பதிவுக் குறிப்பில் அவர் பெயரையும் சேர்.

ஒரு வேலையும் தருகிறேன். இந்தத் தீபாவளிக்கு நம் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ரெக்கார்டர், சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக் கண்மாய்க் கரையில் இன்னொன்று. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகப் பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வெடிக்க அரசு தரும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அதற்கு முன்னும் பின்னும் அரை மணி சேர்த்து ஓடவிடு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் என்பது சட்டத்தின் வரம்பு. ஆகவே மாடியில் கெயினை நன்றாக இறக்கி வை, இல்லாவிட்டால் முதல் அணுகுண்டிலேயே பதிவு கிழிந்துவிடும். இரண்டு இடத்துக் கெயின் அளவையும் எழுதி வை.

கண்மாய்க்கு நீ போ, ஊர்ப் பெரியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடு. மாடியில் அப்பாவை உட்கார வை. பட்டாசு ஆலையில் காலம் தள்ளியவர். எது சரவெடி, எது லட்சுமி வெடி என்று அவர் சொல்லச் சொல்ல, மணியும் நிமிடமும் போட்டுத் தம்பியை எழுதச் சொல்.

அன்புடன்,
அண்ணன்