கோடு வந்தால் சென்சார் போச்சா?

நாகர்கோவில் பக்கம் பழைய டீசல் கார் ஒன்று ஏற்றத்தில் இழுக்காமல் திணறினால், ஸ்கேனர் போட்டுப் பார்ப்பார்கள். 'பி0101' என்று கோடு வந்துவிட்டால் ஏர்ஃப்ளோ சென்சார் போய்விட்டது, புதிது மாட்டினால் சரியாகிவிடும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. இந்த நம்பிக்கையால் ஆயிரக்கணக்கில் பணம் வீணாகிறது. உள்ளே போகும் காற்றின் அளவு, இன்ஜின் ஓடும் நிலைக்குப் பொருந்தவில்லை என்பதுதான் அந்தக் கோட்டின் பொருள். அதற்குக் காரணமான பாகம் எது என்று அது சொல்வதே இல்லை. சென்சாருக்குள் சூடாக்கப்பட்ட மெல்லிய படலம் இருக்கிறது. காற்று அதைக் குளிர்விக்கும். எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துக் காற்றின் எடை கணக்காகிறது. தன்னைக் கடக்காத காற்றை அதால் அளக்க முடியாது. சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே ஹோஸ் வெடித்திருந்தால் காற்று அந்த வழியாகவும் நுழையும், சென்சார் குறைத்துக் காட்டும், இன்ஜினை இயக்கும் கணினியான ஈசியூ டீசலைக் குறைக்கும், வண்டி இழுக்காது. அந்த வெடிப்பு பெரும்பாலும் கிளாம்புக்கு அடியில், ஹோஸைக் கையால் வளைத்தால் மட்டும் வாய் திறக்கிற மாதிரி இருக்கும்.

கணக்குப் போட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். 2007இல் வந்த டீசல் ஸ்விஃப்டில் இருப்பது 1,248 சிசி இன்ஜின்; நான்கு சிலிண்டர், ஒன்றுக்கு 312 சிசி. நம்மூர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.16 கிராம். அப்படியானால் ஐட்லிங்கில், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு மூடியிருக்கும்போது, ஒரு உறிஞ்சலுக்கு 360 மில்லிகிராமுக்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும். 200தான் காட்டுகிறது என்றால் உடனே சென்சாரைச் சந்தேகிக்க வேண்டாம். கரி பிடித்த இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருந்தால் சிலிண்டரில் பாதி இடத்தைப் புகையே அடைத்துக்கொள்ளும். புதுக்காற்று உண்மையிலேயே குறைவாகத்தான் போகும். சென்சார் உள்ளதை உள்ளபடி சொல்கிறது. எத்தனை புது சென்சார் மாட்டினாலும் அதே 200தான் வரும்.

"சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டால் பிக்கப் வருகிறதே, இதைவிட என்ன சாட்சி வேண்டும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கழற்றியதும் ஈசியூ தன்னிடமுள்ள உத்தேச அளவுக்கு மாறிவிடுகிறது. அதில் பிக்கப் வந்தால், அதுவரை வந்த அளவு தவறு என்பது மட்டும் நிச்சயம். அந்தத் தவறு வெடித்த ஹோஸாலும் வரும், கனெக்டராலும் வரும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிகளில் கனெக்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உப்புக்காற்று பின்களில் பச்சைக் களிம்பாகப் படிந்திருக்கும். கழற்றியபடியே ஓட்டலாம் என்பது இன்னும் மோசமான யோசனை. செக் லைட் எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் நாளை வேறு கோளாறு வந்தாலும் தெரியாது.

பஞ்சுக்குச்சியால் பெட்ரோல் தொட்டுத் துடைப்பதையும் விட்டுவிட வேண்டும். அந்தப் படலம் தேய்ப்பைத் தாங்காது. சாவியை அணைத்துச் சென்சாரைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். பழைய ஆல்டோ, எம்பிஎஃப்ஐ மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே தேவையில்லை. அவற்றில் ஏர்ஃப்ளோ சென்சாரே கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் உண்டு.

சென்சார் கெடவே கெடாதா என்றால், கெடும். தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் வருடக்கணக்கில் படிந்தால் அளவு குறையத்தான் செய்யும். ஃபில்டர், ஹோஸ், பின், இஜிஆர் நான்கும் சரியாக இருந்தும் எண் ஏறவில்லை என்றால் மாற்றலாம். மாற்றும் முன் பழையது காட்டிய எண்ணைக் குறித்துக்கொண்டு, புதியதை மாட்டி, அதே சூட்டில், அதே ஐட்லிங்கில் மறுபடி பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் பழையதையே திரும்ப மாட்டிவிட்டு, ஹோஸின் கிளாம்பை மறுபடி தளர்த்துங்கள்.