பாகு பதம் கைவந்தால் பாதி வேலை முடிந்தது



சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போனாலும் சரி, கல்லங்குறிச்சி பெருமாள் தேருக்குப் போனாலும் சரி, திரும்பும்போது பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் வாங்காமல் வருவதில்லை. கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிப்பதும் நமக்குப் புதிதல்ல. அப்படியிருக்க, நாம் செய்யும் மிட்டாய் நாலு நாளில் பிசுபிசுன்னு ஆகிவிடுகிறது. பட்டறை மிட்டாய் மட்டும் மொறுமொறுன்னு இருக்கே, ஏன்? இந்த மாதப் பாடம் இதுதான்.

தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி இதற்குப் பேர்போன ஊர். கரிசல் நிலத்து நிலக்கடலையும் நல்ல வெல்லமும்தான் அதன் ருசிக்குக் காரணம் என்பார்கள். 2020-ஆம் ஆண்டு கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறைகளில் நடக்கும் வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. பொறுக்குதல்: சொத்தை, சுருங்கல், பூசணம் பிடித்த பருப்பை முதலில் நீக்க வேண்டும். பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. “கொஞ்சம்தானே, கலந்துடலாம்” என்று நினைக்கவே கூடாது.

2. வறுத்தல்: பெரிய பட்டறைகளில் சுழலும் உருளையில் வறுக்கிறார்கள். நமக்கு இரும்புச் சட்டியும் மணலும் போதும். சீராக வறுபட வேண்டும், கருகக் கூடாது. மணலைச் சுத்தமாகச் சலித்து, ஆறியதும் தேய்த்துத் தோல் நீக்கி, இரண்டாக உடைத்துப் புடைக்க வேண்டும்.

3. பாகு காய்ச்சுதல்: வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பிறகு காய்ச்ச வேண்டும். ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உருட்ட வந்தால் அது உருண்டைப் பதம். மிட்டாய்க்கு அது போதாது. கெட்டியாகி, ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். அப்போது பாகின் சூடு சுமார் 145 டிகிரி செல்சியஸ் இருக்கும். தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில்தான். ஆகவே பாகில் ஈரம் அநேகமாக வற்றிவிட்டது என்று அர்த்தம். வெல்லம் பூத்துப் போகாமலிருக்கப் பல பட்டறைகளில் திரவ குளுக்கோஸும் சேர்ப்பார்கள்.

4. வெட்டுதல்: பருப்பைக் கொட்டிக் கிளறி, எண்ணெய் தடவிய பலகையில் கொட்டி, கட்டையால் சமமாக உருட்ட வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அளவு வைத்து வெட்ட வேண்டும். ஆறிவிட்டால் நொறுங்கிவிடும்.

5. பொட்டலம் போடுதல்: முழுதாக ஆறிய பிறகு, அன்றைக்கே காற்றுப் புகாத உறையில் போட்டு ஒட்ட வேண்டும். சூட்டோடு போட்டால் உறைக்குள் வேர்க்கும். திறந்து வைத்தால் வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சொல்லவே வேண்டாம்!

ஆக, பிசுபிசுப்புக்கு முக்கியக் காரணம் இரண்டு: பதம் வருமுன் இறக்குவது, பொட்டலத்தைத் தாமதமாகப் போடுவது. இரண்டுமே நம் கையில் இருக்கிறது.

ஜாக்கிரதை: கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுங்கள். பிள்ளைகளை அடுப்படிக்கு விடாதீர்கள். பட்டுவிட்டால் மாவோ மையோ தடவாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விற்பதற்கு முன்: உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-இன்படி பதிவு செய்ய வேண்டும். உறையில் பொருட்களின் பெயர், எடை, விலை, தயாரித்த தேதி, பதிவு எண் இருக்க வேண்டும். “கோவில்பட்டி” என்ற பெயரை நாம் போடக் கூடாது; அது அந்த ஊர்க்காரர்களின் உரிமை. ஜெயங்கொண்டம் பக்கம் நமக்கும் கடலை விளைகிறது, முந்திரியும் விளைகிறது. நம்ம ஊர்ப் பெயரையே போடுவோமே!

விலை வைக்கும்போது கடலை, வெல்லம், விறகு, உறை, பஸ் செலவு எல்லாம் எழுதுகிறோம். நம் கூலியை மட்டும் விட்டுவிடுகிறோம். கூலியை எழுதாமல் பார்க்கும் லாபம் லாபமே இல்லை. குழுக் கடன் வாங்கித் தொழில் தொடங்கினால், தவணையையும் அந்தக் கணக்கில் எழுதிப் பாருங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

1. நம் பகுதியில் கடலை எந்த மாதம் மலிவாகக் கிடைக்கிறது? அதை ஈரமில்லாமல் எங்கே வைக்கலாம்?
2. ஒரு நாள் வேலைக்கு ஒருவருக்கு எவ்வளவு கூலி எழுதுவது?
3. முதலில் 2 கிலோ செய்து, பத்து நாள் வைத்துப் பார்க்கும் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது?