நாள் குறித்தது யார்?

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. தினசரி காலண்டரிலிருந்து கிழித்த இரண்டு தாள்களையும் அதற்குள் மடித்து வைத்திருந்தாய். ஒன்றில் 2023 நவம்பர் 26, இன்னொன்றில் 2024 டிசம்பர் 13. இரண்டிலும் திருக்கார்த்திகை என்று போட்டிருக்கிறது. “எதிர்வீட்டு டீச்சர் வீட்டில் கல்லறைத் திருநாள் வருஷா வருஷம் நவம்பர் 2தான். நம் தீபம் மட்டும் ஏன் சித்தப்பா பதினேழு நாள் தள்ளிப் போகிறது? அம்மாவைக் கேட்டால் பஞ்சாங்கத்தைப் போய்க் கேள் என்கிறாள்” என்று எழுதியிருந்தாய். அம்மா சொன்னதில் தப்பில்லை. ஆனால் பஞ்சாங்கம் நாளைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அதை நான் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பருவம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்தையும் பழந்தமிழர் கூதிர் என்றார்கள். குளிர் தொடங்கும் காலம். வடக்கே குளிர்நாடுகளில் இதுதான் இலையுதிர் காலத்தின் கடைசி. பல ஊர்களில் அறுப்பு முடிந்திருக்கும், எங்கும் பொழுது சீக்கிரம் சாயும். விளைந்ததற்கு நன்றி சொல்வது, செத்தவர்களை நினைப்பது, விளக்கேற்றுவது என்று உலகம் முழுக்க விழாக்கள் இந்த இரண்டு மாதத்தில் வந்து குவிவதற்கு அதுதான் காரணம். ஆனால் எந்த நாளில் என்பதை ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொருவர் குறித்திருக்கிறார்கள். சில இடத்தில் நிலா, சில இடத்தில் தேதி, சில இடத்தில் அரசாங்கம்.

நிலாவிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். அப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாள்தான் வரும், வருஷத்துக்குப் பதினோரு நாள் குறைகிறது. அதனால் நிலாவை நம்பிய விழா ஆங்கிலத் தேதியில் ஓரிடத்தில் நிற்காது. நம் தீபத்துக்கோ இரண்டு எஜமானர்கள். மாதம் சூரியக் கணக்கு, கார்த்திகை மாதமாக இருக்க வேண்டும். நாள் நிலாக் கணக்கு, பௌர்ணமியை ஒட்டி நிலா கார்த்திகை நட்சத்திரத்தோடு சேர வேண்டும்.

2024இல் என்ன ஆயிற்று என்று பார். நவம்பர் 15 அன்று பௌர்ணமி. ஆனால் கார்த்திகை முதல் தேதி நவம்பர் 16. ஒரே நாள் வித்தியாசத்தில் அந்தப் பௌர்ணமி ஐப்பசிக் கணக்கில் போய்விட்டது. அன்றைக்குச் சிவன் கோயில்களில் ஐப்பசிப் பௌர்ணமி என்று அன்னாபிஷேகம் நடந்தது. தீபம் அடுத்த பௌர்ணமியை ஒட்டி டிசம்பர் 13க்குப் போயிற்று. உன் இரண்டு தாளுக்கும் நடுவில் இருக்கிற பதினேழு நாளின் கதை இவ்வளவுதான்.

அதே நவம்பர் 15 நிலாவுக்குக் கீழே வேறு யாரெல்லாம் கூடியிருந்தார்கள் தெரியுமா? கம்போடியாவில் போன் ஓம் தூக் என்னும் நீர்த் திருவிழா. அவர்கள் அதைக் கொண்டாடும் மாதத்தின் பெயர் கடெக். கார்த்திகை என்ற சொல்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. மூன்று நாள் விழா, தலைநகர் நாம்பென்னில் அரண்மனைக்கு முன்னால் ஆற்றில் நீளநீளமான படகுகளின் பந்தயம் நடக்கும். அந்த ஆற்றின் பெயர் தோன்லே சாப். மழைக்காலத்தில் பக்கத்து மீகாங் ஆறு பெருகி இந்த ஆற்றைப் பின்னுக்குத் தள்ள, தண்ணீர் தலைகீழாக மேலே ஓடி ஏரிக்குள் போகும். ஏரி பல மடங்கு விரிந்துவிடும். மழை ஓய்ந்து மீகாங் வடிந்ததும் ஆறு மறுபடி திரும்பிக் கடலை நோக்கி ஓடும். அந்தத் திருப்பத்தை ஒட்டி வரும் பௌர்ணமிக்குத்தான் விழா. ஏரியில் வளர்ந்த மீன் ஆற்றோடு இறங்கி வருகிற காலமும் அதுதான்.

அந்த ராத்திரி அவர்கள் நிலாவை வணங்கிவிட்டுச் சாப்பிடுவது அம்போக். புது நெல்லை வறுத்து, சூட்டோடு உரலில் போட்டு இடித்து, உமியைப் புடைத்துத் தள்ளினால் அம்போக். வாழைப்பழமும் இளநீரும் அதற்குத் துணை. நம் வீட்டில் இதற்குப் பெயர் அவல். கார்த்திகைக்குப் பாட்டி வெல்லப்பாகில் அவல்பொரி உருண்டை பிடிப்பாளே, அதன் தூரத்துச் சொந்தம்.

தாய்லாந்தில் அதே பௌர்ணமிக்கு லோய் கிரதோங். வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, வாழையிலையை மடித்துச் சுற்றிலும் இதழ்போல் செருகி, நடுவில் பூவும் ஊதுவத்தியும் ஒரு மெழுகுவத்தியும் வைத்து ஆற்றில் விடுவார்கள். ஆண்டு முழுக்க உன்னை அழுக்காக்கினோம், பொறுத்துக்கொள் என்று தண்ணீர்த் தாயிடம் கேட்பதாக அர்த்தம். அந்தத் தாயின் பெயர் மே கொங்கா. வேறு யாருமில்லை, நம் கங்கைதான். இன்னொரு வேடிக்கை: பாங்காக் கணக்கில் அது பன்னிரண்டாம் மாதம், வடக்கே சியாங் மாயின் பழைய லன்னா கணக்கில் இரண்டாம் மாதம். அங்கே விழாவின் பெயரே யீ பெங், அதாவது இரண்டாம் பௌர்ணமி. நிலா ஒன்றுதான், எண்ணத் தொடங்கிய இடம் வேறு.

இனி டீச்சர் வீட்டு நவம்பர் 2. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் குளூனி மடத்தின் தலைவராக இருந்த ஓடிலோ, இறந்த விசுவாசிகள் எல்லோருக்காகவும் மன்றாட இந்த நாளைத் தன் மடங்களுக்கு வைத்தார். முதல் நாள் புனிதர்களுக்கு, மறுநாள் மற்ற எல்லோருக்கும். மடத்து வழக்கம் திருச்சபை முழுக்கப் பரவியது. சூரியக் காலண்டரில் குறித்த தேதி என்பதால் அது நகர்வதில்லை. நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் அன்று மெழுகுவத்தி எரிவதற்கு முதல் பொறி அந்த மடத்தில் பிறந்தது.

ஸ்பானியர்கள் இந்தத் தேதியை மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள். இறந்தவர்களைக் கொண்டாடும் பழக்கம் அங்கே முன்பே இருந்தது, இரண்டும் கலந்துவிட்டன. நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. வீட்டில் படையல் மேடை போட்டு, படம், தண்ணீர், உப்பு, ரொட்டி, அவர்களுக்குப் பிடித்த பலகாரம் எல்லாம் வைப்பார்கள். வாசலிலிருந்து மேடை வரை ஆரஞ்சுப் பூவிதழ்களால் பாதை போடுவார்கள், அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆவிகள் வீடு வந்து சேருமாம். அந்தப் பூவை உனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு நாம் வண்டிக்குப் போடுகிற செண்டுமல்லி. மெக்சிகோதான் அதன் பிறந்த வீடு. அங்கிருந்து கடல் தாண்டி வந்து நம் சந்தையில் குடியேறிய பூ அது.

கடைசியாக, அரசாங்கம் குறித்த நாள். அமெரிக்காவில் நன்றி நவிலும் நாளைத் தேசம் முழுக்க ஒரே நாளில் வைக்க வேண்டும் என்று சாரா ஜொசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை பல ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார். 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவில், ஜனாதிபதி லிங்கன் நவம்பரின் கடைசி வியாழன் என்று அறிவித்தார். 1939 நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள். கடைசி வியாழன் 30ஆம் தேதி வந்ததால், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று கடைக்காரர்கள் முறையிட்டார்கள். அப்போதைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட் விழாவை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்தார். அடுத்த வருஷக் காலண்டர்களை முன்கூட்டியே அச்சடித்துவிட்டவர்கள் தலையில் கை வைத்தார்கள். மாநிலங்கள் இரண்டாகப் பிரிந்தன, டெக்சாஸ் இரண்டு நாளும் விடுமுறை விட்டது. 1941இல் நாடாளுமன்றம் நான்காவது வியாழன் என்று சட்டமே போட்டு வழக்கை முடித்தது.

அந்த விழாவின் மூலக்கதை, 1621இல் பிளிமத் ஊரில் குடியேறிகளும் வாம்பனோவாக் மக்களும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்து. அதன் பிறகு தங்கள் நிலத்தை இழந்த அந்தப் பூர்வகுடிகள், 1970 முதல் அதே வியாழனைப் பிளிமத்தில் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். ஒரே தேதி ஒரு வீட்டில் விருந்து, அடுத்த வீட்டில் துக்கம். நவம்பர் 11ஐயும் பார். ஜெர்மனியில் பிள்ளைகள் காகித விளக்கைத் தூக்கிக்கொண்டு, தன் மேலங்கியைப் பாதி வெட்டிப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்த புனித மார்ட்டினின் பெயரைப் பாடிப் போவார்கள். அதே நாள் காலை பதினோரு மணிக்கு, 1918இல் முதல் உலகப்போர் ஓய்ந்த நேரத்தை நினைத்து, இங்கிலாந்தில் இரண்டு நிமிஷம் எல்லோரும் பேசாமல் நிற்பார்கள்.

ஆகவே கயல், இனி யாராவது ஒரு பண்டிகையைச் சொன்னால், என்ன பலகாரம் என்று கேள், தப்பில்லை. கூடவே, இந்த நாளை யார் குறித்தார்கள் என்றும் கேள். ஆறு திரும்புவது, மடத்துத் துறவி, கடைக்காரரின் கவலை, போன உயிர்கள் என்று பதில் எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பதில்தான் அந்த ஊரின் வரலாற்றுக்கு வாசல். “எங்கள் நாள்தான் சரியான நாள்” என்று சண்டை போட அப்புறம் மனசு வராது.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி, அகல் ஏற்றியதும் மொட்டைமாடிக்குப் போய்க் கிழக்கே பார். நிலாவுக்குப் பக்கத்தில் சின்னக் கொத்தாகச் சில நட்சத்திரங்கள் மங்கலாகத் தெரியும். அதுதான் கார்த்திகை, அறுமீன் என்றும் சொல்வார்கள். நிலா வெளிச்சத்தில் கண்ணுக்கு எத்தனை அகப்படுகிறது என்று எண்ணி, அன்றைய காலண்டர் தாளின் பின்னால் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா