வயலும் வலிமையும்: சீன எழுத்தில் முதற்பாடம்

காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியுள்ள அக்கல்லைக் கொணர்ந்தது, யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சீனத் தளபதி செங் ஹேயின் கப்பற்படை. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உள்ளன. தமிழுக்கு அயலில் நிற்கும் அந்தச் சீனத்தையும் சிறிது அறிவோம்.

தமிழெழுத்து ஒலியைக் குறிக்கும்; சீன எழுத்து பொருளையும் சுமக்கும். 3000 ஆண்டுகளுக்கு முன் ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் கீறிய வடிவங்களே அதன் மூதாதையர். மரம் 'மு'. இரண்டு மரம் சேர்ந்தால் 'லின்', தோப்பு. மூன்று சேர்ந்தால் 'சென்', காடு.

வயல் 'தியென்'. நான்காகப் பிரித்த சதுரம் அது. இரணைமடு நீர் பாயும் எங்கள் உருத்திரபுரத்து வயல்களை, வரம்புகளோடு மேலிருந்து பார்ப்பது போலிருக்கும். அதன் கீழே 'லி', அதாவது வலிமை, என எழுதினால் ஆண் என்று பொருள். உச்சரிப்போ 'நான்'! எங்கள் வயல்களில் களை பிடுங்குவோரும் அருவி வெட்டுவோரும் பெண்களுந்தான். எழுத்து தோன்றிய காலத்தின் எண்ணத்தை அது காட்டுகிறது. நாம் அதைக் கற்கலாம், ஏற்கவேண்டியதில்லை.

இலக்கணத்தில் வேற்றுமை உருபில்லை. காலத்துக்கேற்ப வினை திரிவதுமில்லை. சொல் நிற்கும் இடமே பொருள் தரும். 'வோ பாங் நி' என்றால் நான் உனக்கு உதவுகிறேன். 'நி பாங் வோ' என்றால் நீ எனக்கு உதவுகிறாய். தமிழில் 'உனக்கு நான்' என்று மாற்றினாலும் 'கு' உருபு பொருளைக் காக்கும்.

1988இல் சீனா வெளியிட்ட பட்டியலில் மிகுதியாக வழங்கும் எழுத்துக்கள் 2500. நாளுக்கு ஐந்து கற்றால் 500 நாட்கள். பெற்றோரே, மகளுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். தொடங்க அது போதும்.