ஆனைமுடிப் பாறையும் லக்கம் அருவியும்

தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் எது என்று கேட்டால், "ஆனைமுடி, 2695 மீட்டர்" என்று நாம் உடனே விடை கூறிவிடுவோம். ஆனால் அந்தப் பாறைக்கும் நம் புதுச்சேரி மாநிலத்துக்கும் உறவு உண்டு என்பதைத் தோழியருள் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேரளத்தில் மூணாற்றுக்கு அருகே, யானையின் மத்தகம் போல் திரண்டு நிற்கிறது இக்கருங்கல் மலை. அதனாலேயே இப்பெயர் பெற்றது. இத்தகைய பாறைகள் பூமியின் ஆழத்தில் உருவானவை. மேலே மூடியிருந்தவை பல கோடி ஆண்டுகளில் தேய்ந்து போக, பாரம் குறைந்த பாறை வெடித்து, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிகிறது. கூர்முனைகள் நீங்கி உருண்டை வடிவம் எஞ்சுகிறது.

வழுக்குப் பாறையில் நீர் தங்குமா? அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் உள்ள ஹாஃப் டோம் என்னும் கருங்கல் மலையும் ஏறத்தாழ ஆனைமுடியின் உயரமே. அதே பள்ளத்தாக்கில் 739 மீட்டர் உயரத்திலிருந்து விழும் யோசெமிட்டி அருவி, பனி உருகும் நீரையே பெரிதும் நம்பியுள்ளது. பனி தீர்ந்ததும், பல ஆண்டுகளில் ஆகஸ்டு மாதவாக்கில் அது வற்றிவிடுகிறது.

ஆனைமுடியில் அத்தகைய பனிக்குவியல் இல்லை. எனினும் அதைச் சுற்றியுள்ள ஓடைகளில் ஆண்டு முழுவதும் நீர் உண்டு. காரணம் என்ன? பாறையைச் சூழ்ந்த புல்வெளிகளும் சோலைக்காடுகளுமே! அவை பருவமழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, சிறுகச் சிறுக வெளியே விடுகின்றன.

அவ்வோடைகளுள் ஒன்றுதான் மறையூர் செல்லும் வழியில் லக்கம் அருவியாக விழுகிறது. அந்நீர் பாம்பாற்றில் சேர்ந்து, தமிழகத்தில் அமராவதி ஆறாகி, கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. காவிரியின் கடைமடையில் இருப்பது நம் காரைக்கால் அல்லவா? புதுச்சேரிக்குரிய காவிரி நீர் 7 டி.எம்.சி. என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. அதில் ஆனைமுடியின் மழைத்துளியும் இருக்கக்கூடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பல இடங்களில் புல்வெளிகள் அழிந்து, தேயிலையும் யூகலிப்டஸும் வாட்டில் மரங்களும் வந்துவிட்டன. ஆனைமுடியைச் சூழ்ந்த இரவிகுளத்தின் 97 சதுர கிலோமீட்டர் பரப்போ, வரையாடுகளைக் காப்பதற்காக 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. ஆட்டுக்காகக் காத்த புல், ஆற்றையும் காத்தது!

ஆகவே தோழியரே, மலைக்குச் சுற்றுலா செல்லும்போது "வெறும் புல்தானே" என்று மிதித்துச் செல்லாதீர்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்பார்கள். அந்தச் சிறுதுளியைக் கடைமடைக்காகச் சேமித்து வைப்பது அந்தப் புல்லே.

— பத்தாம் வகுப்பு மாணவி